மாறிவிட்ட வட்டாரத்தில் பழைய சபை ஊழியம் செய்வது எப்படி?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் சீயோன் லுத்தரன் (மார்ட்டின் லுத்தர் வழிவந்த புராட்டஸ்டண்ட் சபை) ஆலயம் 1924இல் கட்டப்பட்டபோது, வேலை தேடி மலாயாவுக்கு வந்த தமிழர்கள் அவ்வட்டாரத்து ரயில்வே குடியிருப்புகளை நிறைத்திருந்தார்கள். 2001இல் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் வந்தது. 2010இல் லிட்டில் இந்தியா என்ற இந்தியக் கடைத்தெரு திறக்கப்பட்டது. 'நூறு குவார்ட்டர்ஸ்' என்ற பழைய ரயில்வே வீடுகள் இடிக்கப்பட்டு, அடுக்குமாடிகள் எழுந்தன. இத்தகைய வட்டாரத்தில் உள்ள ஒரு சபையின் குடும்பங்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்து ஞாயிறன்று மட்டும் காரில் வந்து போகுமானால், அச்சபை தன் அண்டை வீட்டாரைப் புதிதாக அறிந்துகொள்வதிலிருந்துதான் ஊழியத்தைத் தொடங்க வேண்டும்.

ஆகவே, சபையை நிர்வகிக்கும் குழுவாகிய சபைச் சங்கம் எந்தத் திட்டத்தையும் தீர்மானிப்பதற்கு முன்னர், அதன் உறுப்பினர்கள் இருவர் இருவராக வார நாள்களில் ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கட்டும். காலையில் பள்ளி வாசலில் நிற்பவர்கள் யார், இரவில் உணவகங்களை மூடிவிட்டுப் போகும் தொழிலாளர்கள் எந்த மொழி பேசுகிறார்கள், முதியவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். கேள்வித்தாள் அச்சிட்டு விநியோகிப்பதைவிட, பூக்கடைக்காரரிடமும் அடுக்குமாடிக் காவலாளியிடமும் பொறுமையாகப் பேசுவது அதிகம் பயன்தரும்.

பிரிக்பீல்ட்ஸில் இப்படி நடப்பவர் முதலில் கவனிப்பது பார்வையற்றோரைத்தான். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேயே இயங்குகிறது. பார்வையற்றவர்கள் நடத்தும் உடம்புப்பிடி நிலையங்களும் உண்டு. நடைபாதையில் பதித்த மேடுள்ள மஞ்சள் ஓடுகளே அவர்களுக்கு வழி. அவற்றின்மேல் சபையாரின் காரோ மோட்டார் சைக்கிளோ ஞாயிறன்று நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது, செலவே இல்லாத முதல் ஊழியமாகும். ஆராதனை முறைமையையும் அறிவிப்புகளையும் படமாக அல்லாமல், கைப்பேசி வாசித்துக் காட்டக்கூடிய எழுத்துவடிவில் முன்னதாகவே அனுப்பலாம். வரவேற்பவர்கள் பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காமல், தம் முழங்கையை அவர் பற்றிக்கொள்ள நீட்டப் பழக வேண்டும். பாடகர் குழுவிலும் சபைச் சங்கத்திலும் அவர்களுக்கு இடம் கொடுக்காத சபை, உதவி செய்யும் சபையாக இருக்கலாமே தவிர, அவர்களுடைய சபையாக ஆகாது.

அடுத்தது சட்டம். மலேசிய அரசியலமைப்பின் 11(4)ஆம் பிரிவு, முஸ்லிம்களிடையே பிற சமயக் கொள்கைகளைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தவோ தடுக்கவோ இடமளிக்கிறது. எனவே உணவுப் பொட்டலத்தோடு துண்டுப்பிரசுரம் வைப்பதை அறவே தவிர்க்க வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் பசித்தவனிடம் அப்படி நடந்துகொள்வது அழகல்ல என்பது என் கருத்து. முஸ்லிம்களும் வரக்கூடும் என்றால், ஆலயச் சமையலறையில் சமைப்பதற்குப் பதிலாக ஹலால் சான்றிதழ் பெற்ற கடையிலிருந்து பொட்டலமாக வாங்கலாம். மாட்டிறைச்சியைத் தவிர்த்து, சைவ உணவைத் தனியே அடையாளமிட்டு வைத்தால் இந்து, பௌத்த அண்டை வீட்டாரும் தயங்கமாட்டார்கள்.

மொழி விஷயத்தில் சபையின் மூத்தவர்கள் அஞ்சுவது இயல்பு. தமிழ் ஆராதனையைக் குறைக்கத் தேவையில்லை. வாரந்தோறும் மாறாத முறைமை லுத்தரன் ஆராதனையின் பெரிய வசதி என்பதால், தமிழுக்குப் பக்கத்தில் மலாயையும் ஆங்கிலத்தையும் அச்சிட்டாலே புதியவர் பின்தொடர முடியும். எல்லா இடத்திலும் சடங்குகள் ஒரே விதமாக இருக்கத் தேவையில்லை என்று லுத்தரன் சபைகளின் அடிப்படை ஆவணமான, 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் ஏழாம் பிரிவே கூறுகிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் தமிழைக் கற்று, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். அந்த வழியில் வந்தவர்கள், மியான்மாரிலிருந்து அகதிகளாக வந்த சின் இனக் கிறிஸ்தவர்கள் தங்கள் மொழியில் ஆராதிக்கப் பிற்பகலில் ஆலயத்தைத் திறந்துவிட மறுப்பதற்கு நியாயம் ஏது?

அகதிகள் விஷயத்தில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை. மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிகளில் இடமில்லை. அவர்களுக்காக வகுப்பறை கொடுக்குமுன் வழக்கறிஞரின் ஆலோசனையைப் பெறுங்கள். அவர்கள் முகம் தெரியும் படங்களை எங்கும் வெளியிடாதீர்கள். எந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தினாலும் அறைக்கதவு திறந்திருக்கவும், பெரியவர்கள் இருவர் உடனிருக்கவும் வேண்டும்.

இவை எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் தொடங்க வேண்டாம். ஒன்றைத் தேர்ந்து, அதற்கென வரவுசெலவில் தனித் தொகை ஒதுக்கி, வார நாளில் ஆலயத்தைத் திறக்கச் சாவியை அருகில் வசிக்கும் ஒருவரிடம் ஒப்படையுங்கள். ஆண்டு முடிவில் சபைக் கூட்டம் கணக்கைப் பார்க்கும்போது, அந்த ஊழியத்தைப் பெற்ற அண்டை வீட்டார் சிலரையும் அழைத்து, அதைத் தொடரலாமா என்று அவர்களிடமே கேளுங்கள்.