விரலி மஞ்சளை ஏற்காத கன்வெர்ட்டர்

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்கு வரவுப் பதிவுத் திரை, ஜாவாவில் வலைப்பக்கங்கள் கட்ட உதவும் ஜேஎஸ்எஃப்பில். விரலியா, கிழங்கா என்று தேர்ந்தெடுக்கப் பட்டியல். ஐடியை ரகமாக மாற்ற நானே எழுதிய கன்வெர்ட்டர். சேமித்தால் ‘மதிப்பு செல்லாது’ என்று பிழை.

இரண்டு நாள் கன்வெர்ட்டரையே குடைந்தேன். அதில் ஐடியை ஆப்ஜெக்டாக மாற்றும் கெட்ஆஸ்ஆப்ஜெக்ட் மெத்தட் சரியான ரகத்தைத்தான் கொண்டுவந்தது. ஆனால் அதற்கப்புறம் ஜேஎஸ்எஃப் அதைப் பட்டியலில் இருப்பவற்றோடு ஈக்வல்ஸ் வைத்து ஒப்பிடுகிறது. என் ரக கிளாஸில் ஈக்வல்ஸே எழுதவில்லை; எழுதாவிட்டால் அது இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்று மட்டும்தான் பார்க்கும். விரலி ஒன்றுதான், நினைவகத்தில் இரண்டு ஆப்ஜெக்ட், எப்படிப் பொருந்தும்? ஐடியை வைத்து ஈக்வல்ஸும் ஹாஷ்கோடும் எழுதினேன், சரியாகிவிட்டது.

பட்டியலைத் தரும் பீன் (திரைக்குப் பின்னால் இருக்கும் ஜாவா ஆப்ஜெக்ட்) ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக உருவாகும் ரெக்வெஸ்ட் ஸ்கோப்பில் இருந்து, சமர்ப்பிக்கும் நேரத்தில் பட்டியல் காலியாக இருந்தாலும் இதே பிழைதான் வரும். அங்கே, அதே பக்கத்தில் இருக்கும்வரை பீனை வைத்திருக்கும் வியூ ஸ்கோப்புக்கு மாற்றுங்கள்.