இருபது லிட்டர் கடலில் யாரைக் குடிவைப்பது?

எழுதுமேசையில் இருபது லிட்டர் கொள்ளும் கடல்நீர்த் தொட்டியை வைக்க விரும்புகிறவர்கள், கடைக்குப் போனதும் முதலில் கேட்பது கோமாளி மீனைத்தான். அவ்வளவு குறைந்த நீரில் மீனின் கழிவு விரைவில் தேங்கிவிடும், நீந்தவும் அதற்கு இடம் போதாது. கண்ணாடியோரமாக மேலும் கீழும் அலையும் மீனைப் பத்து நாள் பார்த்தால் பார்ப்பவருக்கே சலித்துவிடும். எனவே நீந்தித் திரியும் உயிரை விட்டுவிட்டு, கைப்பிடியளவு பாறையில் அமர்ந்தபடி நாள் முழுவதும் ஏதாவது ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும் உயிரைத் தேடுங்கள். இறால்களிலும் நண்டுகளிலும் அப்படிப்பட்டவை பல உண்டு.

அவற்றுள் என் முதல் தேர்வு, கடைகளில் பாம்பாம் நண்டு என்று கேட்டால் எடுத்துத் தரும் சிறு நண்டு. ஓடு இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. இதன் இடுக்கிகள் மெல்லியவை என்பதால், இடுக்கிக்கு ஒன்றாக பூவைப் போலத் தோன்றும் கொட்டும் உயிர்களான குட்டிக் கடற்சாமந்திகள் இரண்டைப் பிடித்துக்கொண்டு திரிகிறது. எதிரே எவராவது வந்தால் குத்துச்சண்டைக்காரரைப் போல அவற்றை முன்னே நீட்டி அசைக்கும். சாமந்தியில் உணவுத் துணுக்கு ஒட்டியதும் வாயருகே உள்ள கால்களால் அதைப் பறித்துத் தின்னும் அழகை, உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தொட்டியோடு ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு சாமந்தி தொலைந்துவிட்டால், இந்த இனத்தில் ஒரு வகை நண்டு மிஞ்சியதை இரண்டாகக் கிழித்து, இரு கைக்கும் ஒவ்வொன்றாக வளர்த்துக்கொள்கிறது என்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வாங்கும்போது இரண்டு இடுக்கியிலும் சாமந்தி இருக்கிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள்.

அடுத்தது, வாலை உயர்த்தி இடைவிடாமல் ஆட்டும் செக்சி இறால். இரண்டு சென்டிமீட்டரே நீளமுள்ள இதனைத் தனியாக வாங்காமல் மூன்று அல்லது ஐந்தாக வாங்குவது நல்லது, ஏனெனில் கூட்டமாக இருந்தால்தான் துணிந்து வெளியே வரும். பசித்தால் ஜோவாந்தஸ் என்னும் பொத்தான் பவளங்களைக் கடிக்கக்கூடும் என்பதால், அவற்றை விலை கொடுத்து வாங்கி வைத்திருப்பவர்கள் ஒரு முறைக்கு இரு முறை யோசிக்க வேண்டும்.

சற்று உழைக்கத் தயாரானவர்கள், நாற்பது லிட்டர் தொட்டிக்கு மாறி, பிஸ்டல் இறாலையும் அதன் துணையான கோபி மீனையும் சேர்த்து வைக்கலாம். மேலே சொன்ன விதிக்கு இந்த ஒரு மீன் விலக்கு, ஏனென்றால் இது இறால் மணலில் தோண்டும் வளையின் வாயிலைவிட்டு அதிக தூரம் போவதில்லை. பார்வை மங்கிய இறால் மணலை அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருக்கும். மீன் காவல் நிற்கும். இறாலின் ஓர் உணர்கொம்பு எப்போதும் மீனைத் தொட்டபடியே இருக்கும். ஆபத்து தெரிந்தால் மீன் வாலைச் சிலிர்க்க, இரண்டும் உள்ளே பாய்ந்துவிடும். இறால் இடுக்கியைச் சொடுக்கும் ஓசை அடுத்த அறைவரை கேட்கும். என் முதல் தொட்டியில் மணலின் மேல் பாறையை அடுக்கியிருந்தேன், இறால் அடியில் தோண்டிய ஓர் இரவில் பாறை சரிந்து கண்ணாடியில் மோதியது. அன்றிலிருந்து பாறையை முதலில் தொட்டியின் அடிக்கண்ணாடியில் ஊன்றி வைத்துவிட்டு, அதன் பிறகே மணலைக் கொட்டுகிறேன். கோபி துள்ளி வெளியே விழும், ஆகவே மூடி தேவை.

கடைக்காரர் புகழ்ந்தாலும் சிலவற்றை மறுத்துவிடுங்கள். ஹார்லிக்வின் இறால் பார்க்க அழகுதான், ஆனால் நட்சத்திர மீனைத் தவிர வேறு எதையும் தின்னாது. அதற்கு வாரந்தோறும் இரை வாங்க முடியாதவர் அதை மெல்லப் பட்டினி போடுகிறார் என்றுதான் பொருள். மயில் மான்டிஸ் இறால் பதினெட்டு சென்டிமீட்டர் வரை வளர்ந்து, உடன் இருக்கும் சங்கையும் நண்டையும் அடித்து நொறுக்கும். நீலவளைய ஆக்டோபஸ் உயிருக்கே ஆபத்தான நஞ்சுடையது, அதை வீட்டுக்குள் கொண்டுவருவதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. சிங்கப்பூரின் சிஸ்டர்ஸ் தீவுகள் கடற்பூங்காவிலோ வேறு கரையிலோ நீர் வற்றியபோது கண்ணில் பட்ட சங்குநண்டைப் பையில் போட்டு வருவதும் வேண்டாம்.

சிங்கப்பூரில் இவற்றை வளர்ப்பவருக்கு முதல் பகை வெப்பம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் பகலில் முப்பது டிகிரியும், குளிர்சாதனம் ஓடும் இரவில் இருபத்து நான்கும் என்று ஏறி இறங்கும் அறையைவிட, சிறு மின்விசிறியுடன் இருபத்தாறு, இருபத்தேழு டிகிரியில் நிலையாக இருக்கும் தொட்டி மேலானது. மின்விசிறியால் நீர் ஆவியாகும், உப்போ தங்கிவிடும். இருபது லிட்டரில் ஒரு லிட்டர் குறைந்தாலே ஆயிரத்துக்கு 35 என்றிருந்த உப்புத்தன்மை 36.8 ஆகிறது. ஆகவே தினமும் நன்னீர் ஊற்றி, கண்ணாடியில் பேனாவால் போட்ட கோடுவரை நிரப்ப வேண்டும். இங்குள்ள குழாய்நீரில் குளோரமின் சேர்க்கப்படுவதால் வடிகட்டிய ஆர்.ஓ. நீர் பாதுகாப்பானது. அந்த நீரைச் சேர்த்து வைக்கும் வாளியை மூடியே வையுங்கள், திறந்திருந்தால் ஏடிஸ் கொசு முட்டையிட்டுவிடும். கொசுவுக்குப் பூச்சிமருந்து அடிக்கும்போதும் தொட்டியை ஈரத் துணியால் மூடி, காற்றுப்பம்பை நிறுத்துங்கள். செம்பு கலந்த மீன் மருந்து ஒரு சொட்டும் கூடாது. இறாலுக்கும் நண்டுக்கும் செம்பு கொல்லி.

தொட்டியை நிரப்பியதும் உயிர்களை விடாதீர்கள். கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருகிப் பாறையும் மணலும் முதிர நான்கிலிருந்து ஆறு வாரங்கள் ஆகலாம், கழிவிலிருந்து உண்டாகும் நஞ்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூச்சியமாகக் காட்டிய பிறகே வாங்கப் போங்கள். சிராங்கூன் நார்த் அவென்யூ 1 வட்டாரத்தில் மீன் கடைகள் அடுத்தடுத்து இருப்பதால், ஒரே மாலையில் பலவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கடைக்காரரிடம் சிறிது உணவு போடச் சொல்லி, எது ஓடி வந்து எடுக்கிறது என்று கவனியுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையின் நீரில் தொட்டி நீரைச் சிறு குழாய் வழியே சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் கலந்த பிறகே விட வேண்டும்.

சில வாரங்களில் ஒரு காலை, நண்டு அசையாமல் கவிழ்ந்து கிடப்பது போல் தோன்றும். அதைத் தூக்கி எறிய அவசரப்படாமல் பக்கவாட்டிலிருந்து விளக்கடித்துப் பாருங்கள். உள்ளே வெறுமையாக, ஒளி ஊடுருவினால், அது கழற்றிய ஓடு. நண்டு பாறைப் பொந்தில் புதிய ஓடு இறுகும்வரை ஒளிந்திருக்கும்.