நோட்டீஸ், இசைத்தட்டு, தொண்டை: தமிழ் நாடக வரலாற்றை ஆவணப்படமாக எடுக்கும் வேலை

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் காலமானார். மதுரையில் 1918-இல் அவர் தொடங்கிய பாய்ஸ் கம்பெனி (சிறுவர்கள் நடிக்கும் நாடகக் குழு) மேடையில் எப்படி ஆடியது என்பதை அசையும் படத்தில் தேடி அலைவதில் பயனில்லை. தமிழ் நாடக வரலாற்றை எடுக்க வருபவருக்கு மிஞ்சுபவை மூன்று: அச்சடித்த நோட்டீஸ், மூன்று நிமிட இசைத்தட்டு, இன்றும் ஸ்பெஷல் நாடகம் (தனித்தனி நடிகர்கள் அன்றிரவுக்கென்று கூடி ஆடுவது) ஆடுகிறவர்களின் தொண்டை. இம்மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால்தான் ஒரு செய்தியைப் படத்தில் சேர்க்கலாம்.

நோட்டீஸுக்குத் தேதி கண்டுபிடித்தல்

சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் நாடக நோட்டீஸ்களும் பாட்டுப் புத்தகங்களும் உண்டு. தடை, அனுமதி பற்றிய அரசு ஆவணங்களுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். 1876-ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின் பெயரை வைத்துத் தேடினால் கோப்புகள் சீக்கிரம் பிடிபடும்.

நோட்டீஸில் ஆங்கில ஆண்டு இல்லாமல் ‘ரௌத்திரி வருஷம் தை மாதம்’ என்று மட்டும் இருந்தால் பலரும் தவறுவது இங்கேதான். ரௌத்திரி 1920-லும் வரும், 1980-லும் வரும். தமிழ் ஆண்டு ஏப்ரல் நடுவில் தொடங்குவதால், 1920-இல் பிறந்த ரௌத்திரியின் தை மாதம் 1921 ஜனவரி நடுவில்தான் தொடங்கும். ஆண்டே போடாமல் தேதியும் கிழமையும் மட்டும் இருந்தால், அந்தத் தேதி அந்தக் கிழமையில் வந்த ஆண்டுகளைப் பட்டியலிடுங்கள். பிறகு நடிகர் பெயரை வைத்து வடிகட்டுங்கள். கிட்டப்பா பெயர் இருந்தால் அவர் மறைந்த 1933-க்குப் பிந்தைய ஆண்டுகளை அடித்துவிடலாம்.

ஸ்கேன் 600 டிபிஐ, டிஃப் கோப்பு. மடிப்பில் கிழியும் தாளை ஸ்கேனரில் வைத்து அழுத்தக் கூடாது; மேலிருந்து கேமராவில் எடுங்கள். பழைய புகைப்படம் சட்டக் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் பிரிக்கவே வேண்டாம், முகம் கண்ணாடியோடு போய்விடும். இரு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்துக் கண்ணாடியோடேயே எடுத்துவிடலாம்.

இசைத்தட்டும் கட்டையும்

பழைய தட்டுகள் அரக்குக் கலவை. ஸ்பிரிட் பட்டால் கரையும். வாலைவடிநீரால் (டிஸ்டில்டு வாட்டர்) மட்டும் துடையுங்கள். பின்னாளில் வந்த எல்.பி. தட்டின் ஊசி இவற்றின் அகலமான பள்ளத்துக்கு ஒத்துவராது, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் இந்தத் தட்டுகளுக்கென்றே உள்ள தடித்த ஊசி வேண்டும். வேகத்தையும் நம்பிவிட முடியாது. 78-லிருந்து ஏறக்குறைய நாலரைச் சுற்று மாறினாலே குரல் அரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு) ஏறும் அல்லது இறங்கும். ஆர்மோனியத்தோடு வைத்துப் பார்த்து, பாடகர் வழக்கமாக எத்தனை கட்டையில் பாடினார் என்று மூத்த ஆர்மோனியக் கலைஞரிடம் கேட்டுச் சரிசெய்யுங்கள். இதைச் செய்யாமல், இல்லாத உச்சக் குரலை வியந்து பேசும் படம் எடுத்துவிடக் கூடாது.

இன்னொன்று: மேடையில் விரிவாகப் பாடியதைத் தட்டுக்காக மூன்று நிமிடத்துக்குள் சுருக்கினார்கள். ‘மேடையில் இப்படித்தான் பாடினார்’ என்று அதன்மேல் வர்ணனை போடுவது தவறு.

பேட்டி

இரவு முழுக்க ஆடியவர் மறுநாள் மதியம்வரை தூங்குவார். மாலை நான்கு மணிக்குப் போங்கள். ‘எந்த வருஷம்?’ என்று கேட்டால் நினைவு முட்டும். ‘அப்போ உங்களுக்கு எதிரே ராஜபார்ட் யாருங்கய்யா?’ என்று நாயக வேடம் போட்டவரைப் பற்றிக் கேட்டால் ஊர், திருவிழா, சம்பளம் எல்லாம் தானே வந்துவிடும். கூட ஓர் ஆர்மோனியம் இருக்கட்டும். சுருதி கேட்டதும், பேச்சில் வராத பாட்டு வாயில் வரும். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். காலர் மைக்கை மட்டும் நம்பினால் உச்சத்தில் ஒலி உடையும். இரண்டாவது மைக்கை ஓரடி தள்ளி, அளவைக் குறைத்து வையுங்கள்.

இரவு முழுக்க மேடை

ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் தனித்தனியாக வந்து, ஒத்திகை இல்லாமல் அன்றிரவே சேர்ந்து ஆடுகிறார்கள். ஏறக்குறைய பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை போகும். வள்ளி திருமணத்தில் நாரதர்–வள்ளி தர்க்கம் எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது. வரலாற்றுக்கு மிக அரிய பகுதியும் அதுதான். சில கேமராக்கள் 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடும், அவை இதற்கு உதவாது. ஒரு கேமராவை நிறுத்தாமல் அகலமாக ஓடவிடுங்கள், சட்டத்துக்குள் ஆர்மோனியக்காரரும் இருக்கட்டும். அடுத்த பாட்டுக்கு யார் யாரைக் கூட்டிப்போகிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி. எட்டு மணி நேரத்துக்கு 360 ஜிபி ஆகும்.

விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதற்கு ஒத்துவராத வேகத்தில் டியூப்லைட் துடிக்கும். ஆட்டோ எக்ஸ்போஷர் இருண்ட பின்திரையைப் பார்த்துவிட்டு அரிதாரம் பூசிய முகத்தை வெளுத்துவிடும். முகத்துக்கு அளந்து பூட்டுங்கள். மிக்ஸரிலிருந்து ஒலி எடுத்தாலும், மிருதங்கத்துக்குத் தனி மைக் இல்லையென்றால் அது பதிவில் இருக்காது. மேடைக்கு முன் தனி ரெக்கார்டர் அவசியம்.

உரிமையும் பணமும்

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு பாதுகாப்பு. சுவாமிகளின் பாடல்கள் பொதுவுடைமை. 1973-இல் மறைந்த நாடக நடிகர் அவ்வை தி. க. சண்முகம் எழுதியவற்றுக்கு 2033 முடியும்வரை அனுமதி வேண்டும். 1930-களின் ஒலிப்பதிவுகளுக்குக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் பாட்டெழுதியவரின் உரிமையைத் தனியாகப் பாருங்கள். நூலகம் ஆய்வுக்குத் தரும் அனுமதி படத்துக்குச் செல்லாது, எழுத்தில் வேறாகக் கேளுங்கள்.

இதை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்துவது கடினம். பிறருக்கு எடிட்டிங், ஒலிப்பதிவு செய்துகொண்டு, படத்தைத் தனித்தனி அத்தியாயங்களாக முடிப்பதே நடைமுறை. பெங்களூரு இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் போன்ற இடங்களில் நல்கைக்கு எழுதும்போது, ஒரு மூத்த கலைஞர் பாடும் நான்கு நிமிடக் காட்சி பத்துப் பக்க விளக்கத்தைவிடப் பேசும். திரையரங்கில் காட்டுவதானால் தணிக்கைச் சான்றிதழுக்கும் நாள் ஒதுக்குங்கள்.

பதிவின் நகல் ஒன்று நடிகருக்கு, ஒன்று நூலகத்துக்கு. நடிகர் பெயர், வேடம், கட்டை, ஊர், தேதி, ஆர்மோனியம் வாசித்தவர் பெயர் ஆகியவற்றைக் கோப்போடு சேர்த்தே கொடுங்கள்.