மறக்கப்பட்ட பிரிட்டிஷ் சிம்பொனிகள்: ஒலிப்பதிவைத் தேடிப் பிடிக்கும் வழி

20-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் சிம்பொனி (முழு இசைக்குழுவுக்காக எழுதும் நீண்ட படைப்பு) என்றதும் எல்கர், வாகன் வில்லியம்ஸ், வால்டன் என்று மூன்று இசையமைப்பாளர்களின் பெயர்கள் வந்து நிற்கும். ஆனால் ஹேவர்கல் பிரையன் 32 சிம்பொனி எழுதினார். ஜார்ஜ் லாயிட் 12, ராபர்ட் சிம்ப்சன் 11, எட்மண்ட் ரப்ரா 11. இத்தனையும் ஒலிப்பதிவாகியிருக்கின்றன. மேடையில் கேட்கும் வாய்ப்பு அபூர்வம் என்பதால் இந்தப் பதிவுகளை விட்டால் வேறு கதியில்லை. பெயரையும் எண்ணையும் தேடல் பெட்டியில் அடித்தால் போதும் என்று நினைத்துத்தான் பலரும் பாதியிலேயே கைவிடுகிறார்கள்.

படி 1: சிம்பொனியின் எண்ணோடு ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். பிரையனையே எடுத்துக்கொள்வோம். 1907-08இல் எழுதிய ஓர் ஆரம்பகாலப் படைப்பை அவர் முதல் சிம்பொனியாகக் கணக்கில் வைத்திருந்தார். அதனால் 1919 முதல் 1927 வரை எழுதிய பிரம்மாண்டமான ‘கோதிக்’ இரண்டாவது ஆனது. 1967இல் அந்த ஆரம்பப் படைப்பைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். கோதிக் முதலாவதானது, அடுத்து வந்த நான்கும் ஒவ்வோர் எண் கீழே இறங்கின. அப்படிக் காலியான 6-ஆம் இடத்தில், 1948இல் எழுதிய ‘சின்ஃபோனியா டிராஜிகா’வைச் சேர்த்தார். 7 முதல் மேலே உள்ளவை எதுவும் மாறவில்லை.

ஆகவே 1967க்கு முந்தைய கட்டுரையில் ‘பிரையனின் மூன்றாவது’ என்று இருந்தால், அது இன்றைய இரண்டாவது. ஆண்டை வைத்துச் சரிபாருங்கள்: இன்றைய 2 என்பது 1930-31, 3 என்பது 1931-32, 4 என்பது 1932-33, 5 என்பது 1937. ஆண்டு பொருந்தவில்லை என்றால் நீங்கள் தேடுவது வேறு சிம்பொனி.

படி 2: நடத்துநர், இசைக்குழு பெயரை வைத்துத் தேடுங்கள்

வில்லியம் வேர்ட்ஸ்வொர்த் என்று அடித்தால் கவிஞர்தான் வருவார். நமக்கு வேண்டியது எட்டு சிம்பொனி எழுதிய இசையமைப்பாளர் (1908–1988); கவிஞருடைய சகோதரர் வழியில் வந்தவர். அவருடைய 2, 3 வேண்டுமென்றால் ‘பிரெய்த்வெய்ட், லண்டன் ஃபில்ஹார்மோனிக்’ என்று சேர்த்துத் தேடுங்கள். அது லிரிட்டா என்ற லேபிளின் (இசைப்பதிவு நிறுவனத்தின்) பதிவு. டோக்காட்டா லேபிளின் புதிய பதிவுகளுக்கு ‘கிப்பன்ஸ், லியபாயா’ என்று அடித்தால் வந்துவிடும். லியபாயா லாட்வியாவில் உள்ள நகரம். இசையமைப்பாளர் டேனியல் ஜோன்ஸின் பெயரில் உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். கூடவே நடத்துநர் ‘பிரைடன் தாம்சன்’ பெயரையும் சேருங்கள். ஜார்ஜ் லாயிடுக்கு ‘ஆல்பனி’ என்று மட்டும் தேடாதீர்கள். அது ஓர் இசைக்குழுவின் பெயர், ஒரு லேபிளின் பெயரும் அதுவே. இரண்டும் கலந்து குழப்பும்.

இசைக்குழுக்களும் பெயர் மாற்றிக்கொண்டவைதான். பிபிசி நார்தர்ன் 1982இல் பிபிசி ஃபில்ஹார்மோனிக் ஆனது. பிபிசி வெல்ஷ் 1993இல் பிபிசி நேஷனல் ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் வேல்ஸ் ஆனது. ‘நியூ ஃபில்ஹார்மோனியா’ என்று உறையில் இருந்தால் பதிவு 1964க்கும் 1977க்கும் இடைப்பட்டது. பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் போட்டுப் பாருங்கள். உறையில் ஆண்டு அச்சிடாத பதிவுகளுக்குக் காலம் கணிக்கவும் இதே பெயர்கள் உதவும்.

படி 3: கேட்டலாக் எண்ணைப் பிடியுங்கள்

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் லேபிள் தரும் எண்தான் கேட்டலாக் எண். பிரையனின் கோதிக்கை ஓந்த்ரெய் லெனார்ட் 1989இல் பிராட்டிஸ்லாவாவில் பதிவு செய்தார். மார்கோ போலோ லேபிளில் அதன் எண் 8.223280-281. அதே பதிவு நாக்ஸோஸ் லேபிளில் 8.557418-19 என்ற எண்ணில் மலிவு விலையில் மறுபடி வந்தது. இது தெரியாதவர்கள் பழைய பதிப்பை அதிக விலைக்கு வாங்கிவிடுகிறார்கள். செகண்ட் ஹேண்ட் கடையில் பணம் கொடுக்கும் முன், நடத்துநர், இசைக்குழு, பதிவு ஆண்டு மூன்றும் அப்படியே ஒத்துப்போகும் மறுவெளியீடு உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

லேபிள்கள் கைமாறிய கதையும் தெரிந்திருக்க வேண்டும். ஹைபீரியன் லேபிள் 2023இல் யூனிவர்சல் மியூசிக் நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்த ஆண்டு ஜூலையிலிருந்துதான் அதன் பதிவுகள் ஸ்ட்ரீமிங்கில் வரத் தொடங்கின. சிம்ப்சனின் 1 முதல் 10 வரை வெர்னன் ஹேண்ட்லியும் 11ஐ மேத்யூ டெய்லரும் நடத்திய பதிவுகள் ஹைபீரியனுடையவை. ‘ஸ்ட்ரீமிங்கில் சிம்ப்சன் கிடையாது’ என்று எங்காவது படித்திருந்தால் அது பழைய செய்தி, மறுபடி தேடுங்கள்.

எண் தேட நாக்ஸோஸ் மியூசிக் லைப்ரரி என்ற ஸ்ட்ரீமிங் தளமே வசதி. பொதுவான ஸ்ட்ரீமிங் செயலிகளில் எண்ணை வைத்துத் தேடுவது வீண் வேலை. எல்பி (இசைத்தட்டு) என்றால் டிஸ்காக்ஸ் இணையதளம். நின்றுபோன சிடிக்கு பிரெஸ்டோ என்ற இணையக் கடையைப் பாருங்கள். சில பழைய வெளியீடுகளை உரிமம் பெற்று, ஆர்டர் வந்தபின் தயாரித்து அனுப்புகிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. 1970-களில் ஏரீஸ் என்ற லேபிளில் பிரையனின் எல்பிகள் வந்தன. பிபிசி ஒலிபரப்புகளை அனுமதியின்றிப் பதித்து, இல்லாத நடத்துநர்களின் பெயரைப் போட்டவை அவை. அந்த உறையில் உள்ள பெயரை வைத்து ஒப்பிட முயன்றால் எங்கும் போய்ச் சேரமாட்டீர்கள்.

படி 4: லிரிட்டா என்றால் எந்த லிரிட்டா?

1959இல் ரிச்சர்ட் இட்டர் தொடங்கிய லிரிட்டாதான் இந்த இசைக்கு உண்மையான வீடு. இசையமைப்பாளர் மோரனின் ஜி மைனர் சிம்பொனியை ஏட்ரியன் போல்ட் நடத்திய பதிவு ஒன்றே அந்த உழைப்புக்குச் சாட்சி. இட்டர் பிபிசி ஒலிபரப்புகளையும் வீட்டிலேயே டேப்பில் பதிந்து வைத்திருந்தார். அவை 2014 முதல் வெளிவருகின்றன. எண்ணின் முன்னெழுத்து எஸ்ஆர்சிடி (SRCD) என்றால் பெரும்பாலும் ஸ்டூடியோ ஸ்டீரியோ. ஆர்இஏஎம் (REAM) என்றால் பெரும்பாலும் மோனோ, ஒலிபரப்பாகவும் இருக்கலாம். ஒலிபரப்பு என்றால் இருமல், கைதட்டல், வானொலி இரைச்சல் இருக்கலாம். அப்படைப்புக்கு வேறு பதிவே இல்லையென்றால் தயங்காமல் வாங்குங்கள். வேறு ஸ்டூடியோ பதிவு இருந்தால் முதல் கேட்புக்கு அதுவே நல்லது.

படி 5: எதில் தொடங்குவது

மோரன், அடுத்து இசையமைப்பாளர் ஆர்னல்ட் பாக்ஸ். பாக்ஸின் ஏழு சிம்பொனிக்கும் ஹேண்ட்லி, பிபிசி ஃபில்ஹார்மோனிக், சாண்டோஸ் லேபிள் என்று நேரே போய்விடுங்கள். பிறகு இசையமைப்பாளர் ரூத் கிப்ஸின் 2, 4. ரூமன் காம்பா நடத்திய சாண்டோஸ் பதிவு, 2018இல் வந்தது. கோதிக்கை முதல் நாளே எடுக்க வேண்டாம்.

பின்சேர்க்கை: ‘நடுவில் ஒரு நொடி அறுந்து அறுந்து கேட்கிறது’ என்று சிலர் கேட்டிருந்தார்கள். பதிவில் குறையில்லை. நீண்ட பகுதிகளைச் சிடிக்காகப் பல டிராக்குகளாக வெட்டியிருப்பார்கள். செயலி ஒவ்வொன்றுக்கும் இடையில் மூச்சு வாங்குகிறது. அமைப்புகளில் இடைவெளியற்ற ஒலிப்பை இயக்குங்கள், கிராஸ்ஃபேடை (ஒரு டிராக்கின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் வசதி) அணையுங்கள், ஷஃபிள் கூடவே கூடாது. இலவசக் கணக்கில் ஷஃபிளை அணைக்க முடியாவிட்டால் கோப்பாக விலைக்கு வாங்கிவிடுங்கள். கோதிக்கின் இரண்டாம் பகுதியான ‘தே தேயும்’ (லத்தீன் துதிப்பாடல்) ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுவது. கூட்டுக்குரல்கள் துணைவாத்தியமே இல்லாமல் பாடும் இடங்களில் அரை நொடி அறுபட்டாலும் காதில் உறைக்கும்.