தனியார் பள்ளியின் அரசியல் சாய்வைச் சேர்க்கைக்கு முன்பே அறிவது எப்படி

எந்தத் தனியார் பள்ளியையும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு நோக்கத்தோடுதான் தொடங்கியிருப்பார். சமயம், மொழி, சமூகச் சீர்திருத்தம், தேசப்பற்று, வணிகம் என்று அந்த நோக்கம் எதுவாகவும் இருக்கலாம். அதனால் சாய்வே இல்லாத பள்ளியைத் தேடி அலைவது வீண். பெற்றோர் கண்டறிய வேண்டியவை இரண்டு. பள்ளி தன் சாய்வை ஒளிக்காமல் சொல்கிறதா? அந்தச் சாய்வோடு ஒத்துப்போகாத பிள்ளைக்கு அங்கே என்ன நேர்கிறது? இரண்டாவது கேள்விக்கு விளம்பர ஏட்டில் பதில் கிடைக்காது. அதை எங்கே தேடுவது என்பதுதான் கீழே.

சாய்வில் மூன்று வகை உண்டு. முதலாவது, அறிவித்த கொள்கை: சமயப் பள்ளிகளும் குறிப்பிட்ட கல்விச் சிந்தனையைப் பின்பற்றும் பள்ளிகளும் இதில் அடங்கும். தெரிந்தே சேர்க்கிறோம் என்பதால் இதில் ஏமாற்றம் குறைவு. இரண்டாவது, கட்சிச் சார்பு: தாளாளரோ அறக்கட்டளை உறுப்பினரோ ஒரு கட்சியில் இருப்பார், அதன் நிழல் மேடை வரைக்கும் வரும். மூன்றாவதைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். ஒரே வருமான நிலை, ஒரே வகைத் தொழில், ஒரே வட்டாரத்துப் பழக்கம் உள்ள குடும்பங்களே கூடியிருக்கும் பள்ளியில் யாரும் எதையும் திணிப்பதில்லை. மாற்றுக் கருத்து உள்ளவர் ஒருவரும் இல்லாததால், தங்கள் கருத்தைக் கருத்தென்றே அவர்கள் அறிவதில்லை. அதையே பொதுப்புத்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள். கட்டணமும் சேர்க்கை நேர்காணலும் சேர்ந்து இந்த நிலையை உண்டாக்குகின்றன.

காகிதங்களிலிருந்து தொடங்குங்கள்

சேர்க்கைப் படிவத்தோடு மாணவர் நடத்தை விதிகளையும் கட்டண ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்குங்கள். ‘சேர்ந்த பிறகு தருகிறோம்’ என்றால் அதையே முதல் தகவலாகக் குறித்துக்கொள்ளலாம். விதிகளில் ‘பள்ளியின் நற்பெயருக்கு ஊறு விளைவித்தால் நடவடிக்கை’ என்ற வரி பெரும்பாலும் இருக்கும். எது ஊறு, முடிவு செய்பவர் யார், மேல்முறையீடு உண்டா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லையென்றால், ஒரு மாணவி சமூக ஊடகத்தில் இட்ட கருத்துக்கும் அந்த வரியைக் காட்ட முடியும். நடுவாண்டில் விலகினால் கட்டணம் எவ்வளவு திரும்பும் என்பதையும் அப்போதே படித்துவிடுங்கள். கருத்து மோதல் முற்றும்போது பெற்றோரின் கையைக் கட்டிப்போடுவது பெரும்பாலும் அந்தப் பத்திதான்.

அடுத்து, கடந்த 3 ஆண்டுகளின் ஆண்டு மலர்கள். ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: விருந்தினர் யார், எதற்கு வந்தார், எந்த மாதம் வந்தார். அமைச்சர் ஒருவர் புதுக் கட்டடத்தைத் திறந்துவைத்த படத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பதவியில் இருப்பவரை அழைப்பது எல்லாப் பள்ளிகளிலும் உள்ள வழக்கம். ஆட்சி மாறிய பிறகு அழைப்பும் மாறியதா, அல்லது பதவியில் இல்லாத ஆண்டிலும் அதே கட்சியினரே வந்தார்களா என்று பாருங்கள். தேர்தலுக்கு முந்தைய மூன்று மாதங்களில் மேடை ஏறியவர்கள் யார் என்பது இன்னும் தெளிவாகப் பேசும்.

வினாத்தாள்தான் சாட்சி

சாய்வைக் காட்டுவதில் பாடநூலைவிட வினாத்தாளுக்கு வலிமை அதிகம். பல பள்ளிகளில் பாடநூல் வெளியிலிருந்து வருகிறது. வினாத்தாளையோ அந்தப் பள்ளி ஆசிரியரே எழுதுகிறார். 8 முதல் 10 வரையான வகுப்புகளின் வரலாறு, குடிமையியல், பொருளியல் வினாத்தாள்களில் நான்கைந்து கேட்டுப் பாருங்கள். ‘இக்கொள்கையின் நன்மைகளை விளக்குக’ என்பது ஒரு வகை. ‘இக்கொள்கையை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் சொன்ன காரணங்களை எழுதி, உன் முடிவைச் சான்றோடு கூறுக’ என்பது இன்னொரு வகை. முதல் வகை ஒன்றிரண்டு இருப்பதில் தவறில்லை. விவாதத்துக்குரிய எல்லாத் தலைப்பும் அதே வடிவில் வந்தால், பிள்ளை மதிப்பெண்ணுக்காக ஒரு பக்கத்தை மனப்பாடம் செய்யப் பழகிவிடுகிறது.

அதோடு நிற்காமல், திருத்திய விடைத்தாள் ஒன்றையும் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஆசிரியரின் கருத்துக்கு மாறாக எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்திருந்தால், குறைத்ததற்கான காரணம் ஓரத்தில் இருக்க வேண்டும். ‘சான்று போதாது’ என்பது காரணம். ‘தவறான பார்வை’ என்பது காரணமாகாது. விடைத்தாள் காட்ட மறுப்பதற்கு நியாயமான காரணங்களும் இருக்கலாம். அப்படியானால் மதிப்பெண் வழங்கும் விதியையாவது கேளுங்கள்.

நூலகத்தில் அரை மணி நேரம் போதும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு சர்ச்சைகளை முன்பே தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றுக்கும் இரு தரப்பு நூல்களும் அலமாரியில் உள்ளனவா என்று தேடுங்கள். இருந்தால் பின்னட்டைச் சீட்டையோ கணினிப் பதிவையோ பார்த்து, கடைசியாக எப்போது எடுத்துச் சென்றிருக்கிறார்கள் என்று அறியுங்கள். பூட்டிய கண்ணாடி அலமாரியில் இருப்பதை இல்லாததாகவே கணக்கில் வையுங்கள்.

யாரிடம் என்ன கேட்பது

‘உங்கள் பள்ளி எந்தப் பக்கம்?’ என்று கேட்டால் எந்த முதல்வரும் ‘எந்தப் பக்கமும் இல்லை’ என்றே சொல்வார். நடந்ததைக் கேளுங்கள். ‘கடந்த ஆண்டு வகுப்பில் பெரிய விவாதம் எழுந்த தலைப்பு எது? அதை எப்படிக் கையாண்டீர்கள்?’ ‘ஆசிரியர் ஒருதலையாகப் பேசினார் என்று புகார் வந்ததா? அதன் முடிவு என்ன?’ ‘காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை உறுதிமொழி சொல்லாமல் அமைதியாக நின்றால் என்ன செய்வீர்கள்?’ இவற்றுக்குக் குறிப்பான பதில் தரும் பள்ளி, பதில் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், நம்பத்தக்கது.

‘எங்கள் பள்ளியில் அரசியலுக்கே இடமில்லை’ என்ற பதிலை நிம்மதியோடு வாங்கிக்கொள்ளாதீர்கள். வரி, நீர்ப்பங்கீடு, இட ஒதுக்கீடு, போர், மொழி ஆகியவற்றை விட்டுவிட்டுச் சமூக அறிவியல் நடத்த முடியாது. பேசக்கூடாது என்ற விதி உள்ள இடத்தில் பெரும்பான்மையின் கருத்து விதிவிலக்காகத் தப்பிவிடும். சிறுபான்மையின் கருத்துதான் ‘அரசியல்’ என்று பெயர் வாங்கும்.

ஆசிரியர் தன் கருத்தைச் சொல்லலாமா என்பது அடுத்த சிக்கல். கல்வியாளர் தாமஸ் கெல்லி 1986-இல் நான்கு நிலைகளைப் பிரித்துக் காட்டினார்: சர்ச்சையைத் தொடவே தொடாதது, ஒரு பக்கத்தை மட்டும் ஊட்டுவது, எல்லாப் பக்கத்தையும் நடத்தித் தன் கருத்தை மறைப்பது, எல்லாப் பக்கத்தையும் நியாயமாக நடத்திவிட்டுத் தன் கருத்தையும் தன் கருத்தென்றே சொல்வது. அவர் ஆதரித்தது நான்காவதை. உயர் வகுப்புகளுக்கு அது சரி என்பதே எங்கள் எண்ணமும். பத்து வயதுக் குழந்தைக்கு ஆசிரியர் சொல்வதெல்லாம் உண்மையாகிவிடும் என்பதால் சிறு வகுப்புகளில் மூன்றாவதே பாதுகாப்பு. முதல்வரிடம் இந்த நான்கையும் விளக்கி, எந்த வகுப்பில் எது என்று கேட்டுப் பாருங்கள். ஆசிரியர் குழுவில் இதைப் பேசியிருக்கிறார்களா இல்லையா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முடிந்தால் மூத்த மாணவர்களிடமும் தனியாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘வகுப்பில் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள் என்று நீ சொல்லாமல் விடும் கருத்து உண்டா?’ கருத்து என்ன என்று கேட்க வேண்டாம். உண்டு, இல்லை என்பதே போதும். ஆசிரியரைவிடச் சகமாணவர்களின் அழுத்தம் பெரிதாக இருப்பது இங்கேதான் வெளிப்படும்.

சட்டம் எவ்வளவு தூரம் துணை வரும்

நாட்டுக்கு நாடு வேறுபாடு பெரிது. பிள்ளைக்கு எவ்வகைக் கல்வி என்று தேர்வதில் பெற்றோருக்கே முதன்மை உரிமை என்கிறது 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 26-ஆம் பிரிவு. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கும் உண்டு என்கிறது 1989-ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 12-ஆம் பிரிவில். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டின் தனியார் பள்ளித் தர விதிகள், எந்தப் பாடத்திலும் ஒருதலையான அரசியல் கருத்தைப் பரப்புவதைத் தடுக்கின்றன. பாடத்துக்கு வெளியே நடக்கும் செயல்பாடுகளிலும் எதிரெதிர்க் கருத்துகள் சமநிலையோடு வர வேண்டும் என்கின்றன. அமெரிக்காவில் நிலை வேறு. வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை அணிந்த மாணவர்களுக்குச் சாதகமாக 1969-இல் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்த டிங்கர் தீர்ப்பு அரசுப் பள்ளிகளைத்தான் கட்டுப்படுத்தும். தனியார் பள்ளியில் பெரும்பாலும் நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தமே பேசும். இந்தியாவில் அங்கீகாரமோ அரசு நிதியோ பெறும் பள்ளி, காப்பாளர் சம்மதமின்றி ஒரு சிறாரைச் சமயப் போதனையில் பங்கேற்கக் கட்டாயப்படுத்த முடியாது. அரசியலமைப்பின் 28(3) அதற்கு இடம் தரவில்லை. தேசிய கீதத்துக்கு மரியாதையோடு எழுந்து நின்று, பாடாமல் இருந்ததற்காக விலக்கப்பட்ட கேரளக் குழந்தைகள் மூவரைத் திரும்பச் சேர்க்க உச்ச நீதிமன்றம் 1986-இல் உத்தரவிட்டதும் நினைவில் இருக்கட்டும்.

ஜெர்மனியில் 1976-இல் பாய்டல்ஸ்பாக் என்ற ஊரில் கூடிய அரசியல் கல்வியாளர்களிடமிருந்து மூன்று நெறிகள் உருவாயின: மாணவரைத் திணறடித்துத் தன் கருத்துக்கு இழுக்கக் கூடாது; சமூகத்தில் சர்ச்சையாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சையாகவே வர வேண்டும்; மாணவர் தன் நிலையையும் நலனையும் தானே ஆராயக் கற்க வேண்டும். எந்த நாட்டுப் பள்ளியிடமும் இவற்றை முன்வைத்துப் பேசலாம். உடன்படாத பள்ளி அதற்குக் காரணம் சொல்லட்டும்.

சேர்த்த பிறகு சிக்கல் வந்தால்

பிள்ளை வீட்டில் சொன்னதை மட்டும் வைத்துப் பள்ளிக்குப் பாயாதீர்கள். ஆசிரியர் ‘இப்படிச் சொல்பவர்களும் உண்டு’ என்று விளக்கியது, வீட்டுக்கு வரும்போது ‘ஆசிரியர் இப்படிச் சொன்னார்’ என்று ஆகிவிடும். நோட்டுப் புத்தகத்தின் பக்கம், தேதி, பயிற்சித் தாள் என்று எழுத்தில் உள்ளதைச் சேருங்கள். முதலில் வகுப்பாசிரியர், பிறகு முதல்வர், அதன் பிறகே நிர்வாகக் குழு. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அன்று மாலைக்குள் இரண்டு அணி உருவாகும். மறுநாள் உங்கள் பிள்ளை ஒரு அணியின் பிள்ளையாக வகுப்பில் உட்கார வேண்டியிருக்கும்.

ஆசிரியரைத் தண்டிக்கச் சொல்லாதீர்கள். விடுபட்ட தரப்பை அடுத்த இரு வாரங்களுக்குள் வகுப்பில் நடத்தச் சொல்லுங்கள். இந்தக் கோரிக்கையைப் பள்ளியால் எளிதில் மறுக்க முடியாது, ஆசிரியருக்கும் முகம் கெடாது. வகுப்பில் நடந்தது உங்கள் கருத்துக்கு மாறானது என்பதற்காகவே புகார் எழுதுகிறீர்களா என்றும் ஒருமுறை யோசியுங்கள். உங்கள் தரப்பை மட்டும் நடத்தியிருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்களா? கடிதத்தை அனுப்புமுன் பிள்ளையிடம் படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று சொன்னால் நிறுத்திவையுங்கள். வகுப்பில் போய் உட்காரப்போவது பிள்ளைதான்.