நாமக்கல் லோடு மும்பைக்கு என்றைக்குப் போய்ச் சேரும்? தேதி சொல்லும் முன் போட வேண்டிய கணக்கு

80 கி.மீ. வேகத்தில் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டினால் 960 கி.மீ. வந்துவிடுமே என்று சரக்குக்காரர் போனில் கணக்குப் போடுவார். லோடு வண்டி அந்தக் கணக்கில் ஓடாது. 80 என்பது நான்குவழிச் சாலையில் சரக்கு வண்டிக்கு உள்ள உச்ச வரம்பு. முழு லோடு ஏற்றிய பன்னிரண்டு சக்கர வண்டி சமதளத்தில் 55, 60-ல் போகும். மேடு, டோல், சாலை வேலை, ஊர் நெரிசல் எல்லாம் சேர்த்தால் சராசரி 40 முதல் 45. மலைப்பாதையில் 25 வந்தாலே பெரிது.

அடுத்து, மனிதர் எத்தனை மணி நேரம் ஓட்டலாம்? 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, நெடுந்தூர வழித்தடத்தில் அனுமதியோடு அதிகபட்சம் 10 மணி என்று வகுத்தது. ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு. ரோட்டில் நடப்பது வேறு என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் திட்டம் போட அந்தப் பத்து மணியே சரியான அளவு. அப்படிப் பார்த்தால் ஒற்றை டிரைவருக்கு ஒரு நாளைக்கு 400 முதல் 450 கி.மீ. மாற்று டிரைவர் இருந்தால் 600, 650. இரட்டிப்பு ஆகாது. ஓடும் கேபினில் படுப்பது அரைத் தூக்கம்தான். மூன்றாம் நாள் இருவருமே சோர்ந்துவிடுவார்கள். இருவர் இருந்தாலும் 24 மணி நேரத்தில் நான்கு மணியாவது வண்டியை நிறுத்திப் படுக்க வேண்டும்.

இனி நாமக்கல்லிலிருந்து நவி மும்பை களம்போலிக்கு, சுமார் 1,215 கி.மீ., ஒற்றை டிரைவர் என்று வைத்துக்கொள்வோம்.

லோடு முடிந்து, தார்ப்பாய் போட்டு, கயிறு கட்டி, பில் கைக்கு வர மாலை ஐந்து ஆகும். முதல் நாளை எப்போதும் அரை நாளாகவே எண்ணுங்கள். கிளம்பி 25 கி.மீ.யில் ஒருமுறை நிறுத்திக் கயிற்றை இழுத்துப் பாருங்கள். சரக்கு குலுங்கி அமர்ந்ததும் கட்டு தளர்ந்திருக்கும். தொப்பூர் ஏற்றம் தாண்டி இரவு ஒன்பதரை, பத்துக்குக் கிருஷ்ணகிரி: 165 கி.மீ. அங்கே படுத்துவிட வேண்டும். காலை மூன்றரைக்குக் கிளம்பினால்தான் பெங்களூரு நெரிசலுக்கு முன் நகரைச் சுற்றிப் போகும் நைஸ் ரோடு வழியாகத் துமகூரு ரோட்டைப் பிடிக்கலாம். அரை மணி தவறினால் இரண்டு மணி போச்சு. மாலை ஐந்தரைக்கு ஹாவேரி: 425 கி.மீ. முந்தின இரவு தூக்கம் குறைவு என்பதால் இங்கே நீண்ட ஹால்ட் கட்டாயம். மூன்றாம் நாள் ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர் தாண்டிச் சதாரா: 400. நான்காம் நாள் மிச்சம் 225-தான். ஆனால் கம்பாட்கி, கத்ரஜ், கண்டாலா மலைப்பாதைகள் மூன்றும் அதில்தான். ஏழு மணி நேரம் வையுங்கள். மதியம் போய்ச் சேர்ந்தாலும் இறக்குவது பெரும்பாலும் மறுநாள் காலை. ஆகவே சரக்குக்காரரிடம் ஐந்தாம் நாள் காலை என்றே சொல்லுங்கள்.

கத்ரஜ் சுரங்கம் தாண்டிப் புனே நவலே பாலம் வரைக்கும் இறக்கம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிக் கவிழ்ந்த வண்டிகள் இங்கே ஏராளம். திரும்பி வரும்போது தொப்பூரிலும் அதே கதை. நியூட்ரலில் என்ஜின் பிடிமானம் இல்லாததால் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். பிரேக் டிரம் சூடேறினால் அதை உரசிப் பிடிக்கும் லைனிங் பிடிக்காது. மிதியை அடிக்கடி விட்டு விட்டு அமுக்கினால் பிரேக்கை இயக்கும் காற்றழுத்தமும் இறங்கும். இறக்கத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஏறும்போது போடும் கியரையே போட்டு, எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகைவழியை அடைத்து என்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) ஆன் செய்து இறங்குங்கள். பிரேக்கைத் தொட்டுக்கொண்டே போகாமல், அழுத்திப் பிடித்து வேகம் குறைந்ததும் முழுசாக விட வேண்டும்.

ஒவ்வொரு டீக்கும் வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள், ஐந்து நிமிஷம் போதும். லிவரால் டயரைத் தட்டினால் காற்றுள்ளது 'டங்' என்னும், இறங்கியது 'தொப்' என்னும். ஜோடி டயரில் உள் டயர் இறங்கினால் வெளியே தெரியாது. வெளி டயர் இரண்டு பங்கு சுமந்து சூடாகி வெடிக்கும். சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப் பக்கம் புறங்கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் பேரிங்கோ ஒட்டிய பிரேக்கோதான். சூடான டயரில் காற்று ஏறிக் காட்டுகிறதே என்று இறக்கிவிடாதீர்கள். ஆறியதும் அது குறைவாகிவிடும்.

பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டியானால், புகையைச் சுத்தமாக்க ஊற்றும் டிஇஎஃப் திரவத்தின் அளவையும் பாருங்கள். தீர்ந்தால் என்ஜின் இழுவையைத் தானே குறைத்துக்கொள்ளும். ஏற்றத்தில் அது நடந்தால் அன்றைய கணக்கு முடிந்தது.

சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்சீட்டான இ-வே பில்லின் கெடுவை ஒரு நாளுக்கு 200 கி.மீ. என்று எண்ணுகிறார்கள். 1,215-க்கு ஏழு நாள் கிடைக்கும், தாராளம். சிக்கல் குறுந்தூர லோடில்தான்: 180 கி.மீ.க்கு ஒரே நாள், கியர்பாக்ஸ் போனால் தீர்ந்தது. காலாவதிக்கு 8 மணி நேரம் முன்பிருந்து 8 மணி நேரம் பின்பு வரைதான் நீட்டிக்க முடியும். கெடு முடிவது நள்ளிரவு என்பதால் ஆபீசில் நீட்டிக்கத் தெரிந்தவர் அன்றிரவு போனை எடுக்க வேண்டும்.