குளிக்கும் தண்ணீரும் இதயமும்

உடல் எதிர்பாராத நேரத்தில் மிகக் குளிர்ந்த தண்ணீர் மேலே விழுந்தால் மூச்சு ஒரு கணம் திணறும், கவனித்திருப்பீர்கள். அப்போது தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் சட்டென்று சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும், இதயம் வேகமாகத் துடிக்கும். ஆரோக்கியமானவர்கள் இதைச் சமாளித்துவிடுவார்கள். ஏற்கெனவே இதய நோயோ உயர் ரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்குத்தான் கவலை. அவர்கள் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பது நல்லது. பச்சைத் தண்ணீர்தான் வேண்டுமென்றால் கால், கை என்று மெதுவாக நனைத்துப் பழக்கிவிட்டு அப்புறம் உடம்புக்கு ஊற்றுங்கள்.

கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதிலும் சிக்கல் உண்டு. சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். தொட்டியில் நீண்ட நேரம் இருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் எளிதாக நேரும். தண்ணீர் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கட்டும், 10 நிமிடம் போதும். எழும்போது எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். மது அருந்திவிட்டு வெந்நீர்த் தொட்டியில் இறங்கவே கூடாது.

வீட்டில் இதய நோயாளி இருந்தால், குளியலறைக் கதவை உள்ளே தாழிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். குளிக்கும்போது நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.